மெழுகும் அரக்கும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், எக்ஸ்ரே கதிரைக் கல்லுக்குள் செலுத்திப் படமெடுக்கத் தெரிந்த பெண் கொழும்பில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

புறக்கோட்டை நகைக்கடைக்காரர் மஷூர் ஹாஜியார் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு நீலக்கல்லை அனுப்பியிருந்தார். மிளகளவு கல். பட்டை தீட்டுகிற ஹாஷிம், தன்னிடம் கொடுத்த அசல் கல்லை எடுத்துக்கொண்டு, உலையில் செய்த மெஷின் கல்லைத் திருப்பித் தந்துவிட்டாரோ என்று அவருக்குச் சந்தேகம். பூதக்கண்ணாடியில் ஒன்றும் பிடிபடவில்லையாம்.

எக்ஸ்ரேக்குத் தப்ப முடியுமா? மண்ணுக்குள் ஆறஅமர விளைந்த கல்லில் அணுக்கள் வரிசை குலையாமல் நிற்கும். கதிர் பட்டுச் சிதறினால் பிலிமில் ஊசிமுனைப் புள்ளிகள் விழும். உலையில் அவசரமாய் உருக்கிய கல் உள்ளுக்குள் முறுகிக் கிடக்கும், புள்ளிகளும் இழுபடும். நான் எடுத்த படத்தில் புள்ளிக்குப் புள்ளி வால் முளைத்திருந்தது. மெஷின் கல் என்று கடிதம் எழுதி, நாகேஸ்வரி என்று பெரிதாகக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

ஒரு கிழமை கழித்து எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஹாஷிம், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வந்தார். கல் மாற்றினவன் என்று பேர் பரவி, ஒருவரும் அவர் கையில் கல் கொடுப்பதில்லையாம். முப்பது வருஷத் தொழில். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவரோ படமெடுக்கும்போது கல்லை எதில் ஒட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார். தேன்மெழுகில் ஒட்டி, பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை கதிர் செலுத்தினேன் என்றேன். அவர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த வெக்கைல மெழுகு எளகும் மிஸ். கல்லு அசஞ்சிரிக்கும். நாங்க அரக்குல தான் ஒட்டுற.”

எனக்குச் சுருக்கென்றது. கல் அசைந்தாலும் புள்ளி இழுபடத்தானே செய்யும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை.

கல் இன்னும் எங்கள் அலுமாரியில்தான் இருந்தது. நானா மடியிலிருந்து அரக்குத் துண்டை எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் இளக்கி, கல்லை ஒரே தொடுகையில் நிறுத்தினார். நான் திரும்பவும் படமெடுத்த நாலு மணித்தியாலமும் கதவடியிலேயே நின்றார். இருக்கக் கதிரை போட்டுக் கொடுத்தும் உட்காரவில்லை. ஈரப் பிலிமை ஜன்னலில் பிடித்தேன். அத்தனையும் ஊசிமுனைப் புள்ளிகள். வெட்கத்தில் என் காது சுட்டது.

புதுக் கடிதம் ஒன்று எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய பேர் கெட்டது கடிதத்தில் மட்டுமா? அவரோடு நானும் புறக்கோட்டைக்குப் போனேன். கடை நிறையத் தரகர்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“கல் அசல் கல்தான், ஹாஜியார். பிழை கல்லிலயும் இல்லை, நானாவிலயும் இல்லை. என்ர மெழுகில.”

மஷூர் ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து, இன்னும் தீட்டாத கல்லொன்றை எடுத்து ஹாஷிம் நானாவின் உள்ளங்கையில் வைத்தார். நானா அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரக்குத் துண்டோடு மடியில் முடிந்துகொண்டார்.