பதிவேட்டில் ஐந்து காய்ச்சல்

எனக்குக் கோவம் வந்தா இடம் பொருள் பாக்கத் தெரியாது. அன்னைக்குக் காலையில எமர்ஜென்சி வாசல்லயே ஆரம்பிச்சுட்டேன்.

"டேய் சரிக்கா, இங்க வா!"

அவன் முதல் வருஷப் பயிற்சி டாக்டர். எதைச் சொன்னாலும் "சரிக்கா"ன்னு தலையாட்டுவான், அதுவே பேராப் போச்சு. நான் மூணாவது வருஷம். அவனோட சேர்த்து எட்டு பேருக்கு நான்தான் சீனியர்.

விஷயம் இதுதான். தையல்கார அக்கா ஒருத்தங்க, மார்புல புற்றுநோய், எங்க வார்டுல மூணாவது கீமோ போட்டுப் பத்து நாள் ஆச்சு. முந்தின நாள் சாயங்காலம் நூத்தியொரு டிகிரி காய்ச்சலோட வந்திருக்காங்க. டூட்டியில இவன். தொண்டையைப் பாத்தான், ஸ்டெத்தை வச்சான், காய்ச்சல் மாத்திரை எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டான். காலையில அவங்க வீட்டுக்காரர் தூக்கிட்டு ஓடி வந்தப்போ பிரஷரே கிடைக்கல.

கீமோ போட்டுப் பத்து நாள்ல உடம்புல கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணு கிட்டத்தட்ட காலி. அப்போ வர்ற காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துட்டு, நரம்புல ஆன்டிபயாட்டிக் ஏத்தணும். அவ்வளவுதான். இதுக்கு மலையைப் புரட்டவேண்டியதில்ல.

"கீமோ போட்டவங்கன்னு சீட்டுல எழுதியிருக்கு. கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

"பாத்தேன்க்கா. ஆனா நல்லாத்தான் பேசினாங்க. என் சட்டைக் காலர்ல தையல் விட்டிருக்கு, கொண்டு வா போட்டுத் தர்றேன்னு கூடச் சொன்னாங்க."

எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. "பதினஞ்சு நாள் கேன்சர் வார்டுல இருந்தியே, என்னத்தைக் கிழிச்ச?"

"ஸ்கேனுக்குத் தேதி வாங்கினேன். சாம்பிள் எடுத்துட்டு லேபுக்கு ஓடினேன். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிச்சேன்."

"கீமோ காய்ச்சல் ஒண்ணு கூடவா பாக்கல?"

"இல்லக்கா."

"புளுகாத. உன் பதிவேட்டை எடு."

பதிவேடுன்னா, என்னென்ன கத்துக்கிட்டோம்னு நாங்க எழுதி, சீனியர் பாத்துக் கையெழுத்துப் போடுற புத்தகம். அது இல்லாம பரீட்சை எழுத விடமாட்டாங்க. அவன் பையிலிருந்து எடுத்து நீட்டினான். இருபத்திரண்டாம் பக்கம். 'கீமோவுக்குப் பின் காய்ச்சல்: தனியாகச் சிகிச்சை அளித்தது ஐந்து.' ஒவ்வொண்ணுக்கும் படுக்கை நம்பர் வேற, மணி மணியான கையெழுத்துல.

"இது என்னடா அப்போ?"

"போன பேட்ச் அண்ணன் புத்தகத்தைப் பாத்து எழுதினதுக்கா. எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்."

"எந்த மடையன் இதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் பக்கத்தோட அடியில பாத்தேன். என் கையெழுத்து.

போன மாசம் டூட்டி ரூம்ல எட்டு புத்தகம் அடுக்கி வச்சிருந்தாங்க. அடுத்த மாசம் காலேஜை ஆய்வு பண்ண ஆள் வர்றாங்க, சீக்கிரம் முடின்னாங்க. ஒரு கையில டீ, ஒரு கையில பேனா. பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கிறுக்கித் தள்ளினேன், ஒரு வரி படிக்கல. என் புத்தகத்துக்கும் இப்படித்தான் போட்டாங்க. எனக்கு இந்தக் காய்ச்சலைப் பத்தித் தெரிஞ்சதே ஒரு சிஸ்டர் காது கிழியத் திட்டினதுனாலதான். த்தூ, நானும் ஒரு சீனியர்!

பதினோரு மணிக்கு அந்தத் தையல்கார அக்கா இறந்துபோயிட்டாங்க.

எங்க வார்டுப் பெரிய டாக்டர், சீஃப், என்னைத் தனியாக் கூப்பிட்டார். "வீட்டுக்காரர்கிட்ட நோய் முத்திடுச்சுன்னு சொல்லிடும்மா. கேன்சர்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நாளைக்கு ஆய்வு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"முத்தல சார். கட்டி பாதியா சுருங்கியிருந்துச்சு."

"தெரியும். சொன்னதைச் செய்."

வெளிய வந்தேன். சரிக்கா பின்னாலயே வந்தான்.

அவங்க வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். சுவரோரமா யூனிஃபார்மோட நின்னுக்கிட்டிருந்தார். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால அவரே ஆரம்பிச்சார்.

"டாக்டரம்மா, தப்பு என்மேலதான். நேத்து மழையில பைக்குல வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். குளிர் தாங்காமத்தான் இப்படி ஆயிடுச்சு. ஆட்டோ புடின்னு அவ சொன்னா, நான்தான் கேக்கல."

சீஃப் சொல்லிக் குடுத்த பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதைச் சொன்னா, மழையில நனைஞ்சதாலதான் முத்துச்சுன்னு இந்த மனுஷன் காலம் பூரா தன்னையே திட்டிக்குவார்.

"மழை இல்லண்ணா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து சாயங்காலமே அவங்களைப் படுக்க வச்சு மருந்து ஏத்தியிருக்கணும். அனுப்பினது நாங்க."

அவர் என்னையே பாத்தார். "ஏத்தியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"பெரும்பாலும் பொழைச்சிருப்பாங்க."

அவர் எனக்குப் பின்னால நின்ன சரிக்காவைக் கை காட்டினார். கத்துவார், அடிப்பார்னு நெனச்சேன். அவர் கேட்டது வேற.

"இந்தத் தம்பிக்கு இதை யாருமே சொல்லித் தரலையா?"

"நான் சொல்லித் தந்ததாக் கையெழுத்துப் போட்டிருக்கேண்ணா"ன்னேன்.