நேர்ந்துவிட்ட ஆடுகள்

எழுபத்து நான்காம் வருஷம் என் மனைவி மருதாத்தாளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. பக்கத்துச் சித்தூரில் ஊசி போட்டுப் பார்த்தோம், அடங்கவில்லை. நானும் என் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தேன். எங்கள் ஊர் எருத்தேன்பதிக் கருப்பராயன் சாமி முன்னால் நின்று, பட்டியில் இருக்கும் பதினொரு வெள்ளாட்டையும் இனிப் பிறக்கும் குட்டிகளையும் உனக்கே விட்டுவிட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கொடுப்பதென்று வந்துவிட்டால் எனக்குக் கை தாராளம். ஆடுகள் அவள் வளர்த்தவை.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது என்றார்கள். என்ன கிருமி என்றுதான் பிடிபடவில்லை. அவள் நினைவு தப்பிக் கிடந்ததால் டாக்டர் என்னிடம் கேள்வி கேட்டார். வீட்டில் ஆடு மாடு உண்டா என்றும் கேட்டார். மாடு கிடையாது. ஆடுகளோ சாமியுடையவை. சாமி சொத்தை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றேன். வாழ்க்கையில் நான் அளந்து பேசியது அதுதான் முதல் முறை.

நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டு, கூண்டுக்குள் சின்னப் பந்து ஓடுகிற வால்வு ஒன்றை வைத்தார்கள். பக்கத்தில் படுத்தால் டிக் டிக் என்று கேட்கும். சாவி கொடுக்காத கடிகாரம் எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி பட்டிக்குப் போனாள். சினையாடுகளுக்கு எப்போதும் அவள்தான் பேறு பார்ப்பாள். சாமி ஆடு, பார்த்துச் செய் என்று நான் வேறு சொல்லியனுப்பினேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டாம் மாதம் காய்ச்சல் திரும்பியது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். தைத்த இடத்தில் வால்வு தளர்ந்திருந்தது. அவர் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார். ஆடு என்றதும் நான் மறுபடி இல்லை என்றேன். இந்த முறை அவளுக்கு நினைவு இருந்தது.

"ஏனுங்க, அப்ப நான் வருசம் பூரா குட்டி எடுத்துப் போட்டது யார் ஊட்டு ஆட்டுக்குங்க?"

"அது சாமி ஆடு புள்ள."

"சாமியாங்க வந்து பேறு பாத்துது?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஆடு ஈனும்போது விழும் நஞ்சுக்கொடியில் ஒரு கிருமி இருக்கும், மூச்சில் போனாலே போதும், வால்வில் போய்க் குடியேறிவிடும், கியூ காய்ச்சல் என்று பெயர் என்றார். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அதுவேதான். அதற்கான மாத்திரையை முதல் ஆபரேஷனோடு தொடங்கி வருஷக்கணக்கில் தின்றிருக்க வேண்டும். இப்போது மாத்திரை மட்டும் போதாது, தளர்ந்ததை எடுத்துவிட்டு வேறு வால்வு வைத்தாக வேண்டும்.

உள்ளே கொண்டுபோகும் முன் அவள் என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

"செவலை ஆடு இந்த வாரம் ஈனும். நீங்க கிட்டப் போவாதீங்க" என்றாள்.

புது வால்வு சரியாகவே பொருந்தியது என்றார்கள். அவள் இதயம்தான் அதற்குப் பிறகு ஓட மறுத்துவிட்டது.

காரியத்தன்று அவள் அண்ணன் சென்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டார், இரண்டு தடவையும் ஆடு இல்லை என்றேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்பது வரை. செருப்பைக் கழற்றுவார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவே போயிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் மாப்ளே சொல்லியிருப்பேன்."

பிறகு எனக்கு இலை போடச் சொன்னார். அவர் அடித்திருந்தால் அன்றைக்கு நான் சாப்பிட்டிருப்பேன்.