சேஷகிரி வைத்த சீல்

சேஷகிரிக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: அரக்கை உருக்கி சீல் வைப்பது. மைசூர் சர்க்காரின் ரெக்கார்டு ரூமில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிய மனுஷர். யுத்தம் வந்ததும், யார் சிபாரிசோ, பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பட்டாளத்துக்கு வயர்லெஸ் பெட்டி செய்கிற பட்டறைக்கு சூப்பரின்டெண்டென்ட் ஆகிவிட்டார். வந்த வேகத்தில் என்ன செய்தார் தெரியுமா? பட்டறைத் தோட்டத்தில் ஒவ்வொரு பெட்டியாக வைத்து, அலை நன்றாகப் போகிறது என்று முள் உச்சியில் ஏறிக் காட்டும்வரை ஏரியல் திருகைத் திருகச் சொல்லி, அதன்மேல் அரக்கு சீல் வைத்துவிட்டார். நாற்பது பெட்டிக்கும். உடைத்தவனுக்கு வேலை போகும் என்று ஆர்டர் வேறு.

ஆபரேட்டர் யூஜின் அன்றைக்கே சொல்லிப் பார்த்தான். "சார், ஏரியலுக்குக் கம்பி பாதி, தரை பாதி. ஈர மண்ணுல ஒரு மாதிரி, பாறையில ஒரு மாதிரி. பக்கத்துல மரமோ தகரமோ ஆளோ நின்னாலும் மாறும். எடத்துக்கு எடம் திருகணும்."

"என் கடியாரத்தை ஆனேக்கல்லுக்கு எடுத்துண்டு போனா மணி மாறிடுமோ?" என்றார் சேஷகிரி. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். இந்த மண்டையில் எதுவும் ஏறாது என்று யூஜின் அடுத்த பெட்டியைத் திருகப் போனான்.

கடைசியில், பெங்களூருக்கு இருபது மைல் தள்ளி, அந்த ஆனேக்கல்லிலேயே வந்தது சோதனை. பட்டாளத்து மேஜர், மொட்டைப் பாறை, மொட்டை வெயில். நாலு மணிக்குள் பெங்களூரிலிருந்து பதில் வராவிட்டால் யூஜினுக்குச் சீட்டு கிழியும். 'பெட்டி பிரமாதம், ஆபரேட்டர்தான் சுத்த மக்கு' என்று சேஷகிரி முன்கூட்டியே மேஜரிடம் ஓதி வைத்திருந்தார். சீலை உடைத்தாலும் சீட்டு கிழியும். முள்ளோ அடியில் படுத்துக் கிடந்தது.

பத்தடி தள்ளி, குடைக்குள் நின்று சேஷகிரி உச்சுக் கொட்டினார். அந்தக் குடையைப் பார்த்ததும் யூஜினுக்குப் பொறி தட்டியது. சீல் வைத்த அன்றும் இந்த மனுஷர் இதே குடையோடு ஏரியலை ஒட்டித்தானே நின்றார்.

"சார், ஏரியல்கிட்ட வாங்க." முள் அசைந்தது. "இன்னும் ஓரடி. குடையைக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க." ஏறியது. "அப்படியே நில்லுங்க, மூச்சு விட்டாலும் மெதுவா."

பெங்களூர் பதில் சொன்னது.

"அவர் ஏன் அங்கே நிற்கிறார்?" என்றார் மேஜர்.

"அன்னைக்கு அவரையும் சேர்த்துத்தான் சீல் வெச்சிருக்கு, துரை. அவர் நகர்ந்தா முள் விழுந்துடும். மத்த முப்பத்தொன்பது பெட்டிக்கும் பெட்டிக்கொரு சேஷகிரி வேணும்."

மேஜர் சேஷகிரியை நகரச் சொன்னார். முள் விழுந்தது. சீலைப் பெயர்க்க மேஜர் பேனாக்கத்தியை எடுத்து நீட்டினார், யூஜினிடம் இல்லை, சேஷகிரியிடம்.

"குடையைக் குடுங்க சார், நான் பிடிச்சுக்கறேன்," என்றான் யூஜின்.