கேன்டீன் அக்காவுக்கு வந்த காமாலை

கேன்டீன் அக்காவின் உடம்புக்கு நோய் நொடி என்பதே தெரியாது. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் கடை சாத்தும்வரை பம்பரமாய்ச் சுழல்வாள். கோர்ட்டுக்கு எதிரே இருந்த அந்தச் சின்னக் கடைதான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது. அதைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் வழக்குப் போட்டபோது, தினமும் தன்னிடம் சாப்பிடும் வக்கீலையே அமர்த்திக்கொண்டாள். நம் கையால் சாப்பிட்டவர் நம்மைக் கைவிடமாட்டார் என்று நம்பினாள், பாவம்.

"நீங்க வரவேண்டாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன வக்கீல், விசாரணையன்று தானும் போகவில்லை. நண்பருக்குப் பாராட்டு விழாவாம். கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை என்று நீதிபதி கட்டடக்காரர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். வக்கீல் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இவ்ளோ பதற்றம்? தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடுவோம். உங்களுக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கையா கிடந்தீங்க, வக்கீலைப் பாத்துப் பேசவே முடியலைன்னு எழுதிடலாம்."

"எனக்கு ஒரு தும்மல்கூட வரலையே தம்பி! கோர்ட்டுக்கு வராதது நீங்கதானே?"

"வக்கீல் வரலைன்னு எந்த வக்கீல்க்கா எழுதுவான்?"

அந்தக் கோர்ட்டில் அதுதான் வழக்கம். தேதியைக் கோட்டைவிடுவது வக்கீல், காமாலை வருவது கட்சிக்காரருக்கு. அங்கே குவிந்திருக்கும் மனுக்களை நம்பினால் ஊரில் பாதிப் பேருக்கு ஈரலே இருக்காது. அக்கா தயங்கினாள். பிறகு கடையை நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டடக்காரரின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. மனுவை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் நகலைக் கொண்டுபோய்ச் சுகாதார அதிகாரியிடம் நீட்டினார். காமாலைக்காரி ஊருக்குச் சோறாக்கலாமா? மறுநாளே கடைக்குச் சீல் விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

அக்கா விடவில்லை. வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குழுவிடம் நியாயம் கேட்டுப் போனாள். குழுவில் இருந்த மூன்று பேரும் வக்கீல்கள்தான். மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை; நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். புகாருக்கு ஆளான வக்கீலுக்கும் பக்கத்திலேயே நாற்காலி.

தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "அம்மா, உங்களுக்குக் காமாலை வந்துச்சா, வரலையா?"

"வரலைங்க."

"வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அவர் எழுதினாருங்க. போடுன்னாரு, போட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வந்துச்சுன்னா உங்களாலதான் கேஸ் போச்சு, வக்கீல் மேல தப்பில்லை. வரலைன்னா கோர்ட்ல பொய் சொன்னது நீங்க. எதைப் பதிவு பண்ணட்டும்?"

அக்கா தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் கூரையில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது என்று சொன்னால் வம்பில்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஆனால் காமாலைக்காரியின் கடையை யார் திறக்கவிடுவார்கள்?

"வரலைங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கேன். என் கடையைத் திறந்து விடுங்க, அது போதும்" என்றாள்.

கடை அவர்களுடைய அதிகாரத்துக்குள் வராதாம். வக்கீலுக்கு, இனிமேல் கவனமாக இருக்கும்படி அறிவுரை. அக்காமீது, பொய்ச் சத்தியம் செய்ததற்காக நடவடிக்கை எடுக்கக் கோர்ட்டுக்குப் பரிந்துரை.

"பயப்படாதீங்கம்மா. நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாத்து வெச்சுக்குங்க" என்றார் தலைவர், உண்மையான கரிசனத்தோடு.

"அவரும் கோர்ட்டுக்கு வரலைன்னா, நான் யார்கிட்டங்க போய்ச் சொல்றது?"

தலைவர் யோசிக்கவே இல்லை.

"எங்ககிட்டதாம்மா. பின்னே நாங்க எதுக்கு இருக்கோம்?"