முக்கால் படிக் கணக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் தலைமையாசிரியர் ரெங்கசாமி சார் என்னிடம் நயமாகப் பேசினார்.

"ஏம்மா செங்கமலம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுட்டுப் படிச்சிரு. மத்ததெல்லாம் பிரமாதமா இருக்கு."

அது 1957. நான் புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அவரவர் ஊர்ப் பள்ளியின் பழைய நாட்களை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். திருவரங்குளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்த வருஷம் பொன்விழா. கட்டுரையை விழா மேடையிலேயே படிக்கலாம் என்று சொன்னவரும் இதே சார்தான்.

கரையான் தின்றது போக மிஞ்சிய பள்ளிப் பதிவேடுகளில் 1914இல் வந்த சமஸ்தானத்து இன்ஸ்பெக்டரின் குறிப்பு இருந்தது. 'ஆளுக்கு முக்கால் படி நெல் என்றால் முப்பத்தாறு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அழகம்மாள் என்ற சிறுமி நான் வாய் மூடுமுன் இருபத்தேழு படி என்றாள். பெண்கள் வகுப்பு இங்கே தொடரலாம்.'

அழகம்மாள் இப்போது பள்ளித் தாளாளரின் மனைவி. அவர் இன்ஸ்பெக்டரிடம் பாராட்டு வாங்கிய கதை ஊருக்கே பெருமை. ஆனால் கணக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது.

கட்டுரையை முதலில் வீட்டில் படித்துக் காட்டினேன். என்னைப் பெற்ற ஆத்தா இருளாயி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார் என்று நான் படித்ததுதான் தாமதம்.

"முக்காப்படி, முப்பத்தாறு ஆளு. இருபத்தேழு படி" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தானே சொன்னேன்."

ஆத்தா பள்ளிக்கூடம் போனது அந்த ஒரே நாள். தலை எண்ணிக்கை குறைந்தால் பெண்கள் வகுப்பை மூடிவிடுவார்கள். அன்று பார்த்து அழகம்மாள் வரவில்லை. வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாவை வாத்தியார்கள் பிடித்துவந்து, அழகம்மாள் வீட்டில் வாங்கிய பாவாடையைக் கட்டி, அவள் இடத்தில் உட்கார வைத்தார்கள். கூலி நெல் அளக்கும் களத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் எம்மாத்திரம். இன்ஸ்பெக்டர் வண்டி ஏறியதும் பாவாடையை அவிழ்த்துக்கொண்டு விரட்டிவிட்டார்கள்.

நான் கட்டுரையைக் கீழே போட்டேன். "இத்தனை வருசமா ஏன் வாயைத் தொறக்கல?"

"தொறந்தா நம்புவாங்களா?" என்று கடலையைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றிரவே அதை ஒரு பக்கமாக எழுதிக் கட்டுரையில் சேர்த்தேன். அந்தப் பக்கத்தைத்தான் சார் விடச் சொன்னார். "தாளாளர் வீட்டம்மா முன்னால உக்காந்திருப்பாங்க. நாளைக்கு ஒனக்கு வேலை குடுக்க வேண்டிய பள்ளிக்கூடம்மா இது."

"பாக்கலாம் சார்" என்றேன். என் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, பாவம்.

மேடையில் அந்தப் பக்கத்தையும் படித்தேன். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. "இருளாயி சொன்ன விடையால்தான் பெண்கள் வகுப்பு பிழைத்தது. அந்த வகுப்பில் படித்துத்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்று முடித்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. ரெங்கசாமி சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் அழகம்மாள் எழுந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு படிச்சது நெசந்தான்" என்றார். "எனக்குக் கணக்கு வராது. இன்ஸ்பெக்டர் வாராருன்னு வைக்கப்போருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அப்புறம் எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். நான் செஞ்சது தப்பு. இருளாயி, இங்கிட்டு வா."

தரையில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஆத்தா எழுந்து நடந்து வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. தலைமை தாங்க வந்திருந்த கல்வி அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, "உங்க பேரு என்னங்கம்மா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"அன்னைக்கு வந்தவரும் இதைத்தாங்க கேட்டாரு. சொல்லிக் குடுத்த பேரைச் சொன்னேன்" என்றாள் ஆத்தா. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "எம் பேரு இருளாயி" என்றாள்.

அன்று எனக்கு ஏறிய கர்வம் இன்றுவரை இறங்கவில்லை.