நாற்பத்து நான்கு இடைவெளி

...கையுறை போட்டுத்தானே எடுத்தோம், அப்புறம் எப்படி, என்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று மாதம் நாயாய்ப் பாடுபட்டுப் பிரித்தெடுத்த புரதம், ஒரே ஒரு குப்பியில் மிஞ்சியது, அதன் எடையைச் சொல்லத்தானே அறையை அடைத்துக்கொண்டு இந்த மாஸ் ஸ்பெக் கருவி, அதுவோ புரதத்தை விட்டுவிட்டு நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு என்று ஒரே எடை இடைவெளியில் வரைபட முகடுகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறது, வேலி போட்ட மாதிரி... இந்த வேலை தெரிந்த யாருக்கும் பார்த்ததுமே புரிந்துவிடும், கைகாலுக்குத் தடவும் க்ரீம். போச்சு, அத்தனையும் போச்சு. பின்னால் வந்து நின்ற பேராசிரியர், யாரும்மா க்ரீம் தடவிக்கிட்டு உள்ள வந்தது, என்றார். நான்தான் சார். நீயா, நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்ப... திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, மெஷின் குழாயைக் கழுவு. அது போற வரைக்கும் வேற யாரோட சாம்பிளும் போடாத" என்று போய்விட்டார்.

காலையில், அம்மாவைத் தன் வீட்டோடு கூட்டிப்போக வந்த அண்ணன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், அவள் அம்மாவின் பித்தவெடிப்பில் அவசர அவசரமாக க்ரீம் தடவினாள், அங்கே போனால் யார் தடவப் போகிறார்கள், அண்ணிக்குப் பிள்ளைகளைப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கும்... கையைக் கழுவினாளே, கழுவினாள், ஒரே ஒரு முறை, அந்தக் கையால்தான் கையுறையின் விரல்களை இழுத்து மாட்டியிருக்கிறாள். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா, போகட்டுமாடி, என்றாள். போயிட்டு வாம்மா, எனக்கும் நேரமாச்சு. நான்கு வருஷம் கூடவே இருந்தவளை இப்படியா அனுப்புவது?

முதல் கழுவலில் முகடுகள் பாதியாகின, இரண்டாவதில் அதிலும் பாதி, சாயங்காலத்துக்குள் சுத்தமாகிவிடும், பிறகு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் தானே திறந்து, விளக்கைத் தானே போட்டு, டீ ஒரு டம்ளர் மட்டும்... மூன்றாவது கழுவலுக்கு விரல் பொத்தானை அழுத்த மாட்டேன் என்றது. போகட்டுமா என்றவள் அடுத்த செருப்பை மாட்டாமல் நின்றாளே, ஒரு கால் தரையில், எதற்கு நின்றாள்? அண்ணனிடம், வேண்டாம்டா, அவ தனியா இருப்பா, என்று சொல்ல இவளிடமிருந்து ஒரு வார்த்தைக்காகவா?

"மெஷின் காலியாக்கா?" என்றாள் அடுத்த மேசைக்காரி.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."