வீட்டில் எத்தனை பேர்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுதும் ஓர் இணையப் பத்திரிகைக்கு, ‘ஆரோக்கிய பானத்துக்கு ஜூஸரா, பிளெண்டரா?’ என்று எழுதித் தர ஒப்புக்கொண்ட கட்டுரை. வெறும் கட்டுரையை எவன் படிப்பான், ஒரு குடும்பத்தை உள்ளே விடுங்கள் என்றார் எடிட்டர். விட்டேன். அதற்குப் பிறகு அவர்களை வெளியே அனுப்ப முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: காய்கறிச் சாறு உடம்புக்கு நல்லது என்பதை நாம் அனைவரும் (இதை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: பிளேடு சுழலும் ஓசையில் ஒரு வாழ்க்கையே (சே.)

மூன்றாவதில்தான் ஆட்கள் வந்தார்கள். ஓர் அக்கா, அவள் கணவன், அவர்களோடு இருக்கும் அவள் தங்கை. பெரிய காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து தங்கைக்கு எதையும் மென்று விழுங்க முடியாது. தண்ணீராகக் கொடுத்தாலும் புரையேறும், கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழங்களைக் கரண்டியால் மசித்தே அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. தங்கை டம்ளரை மோந்து பார்த்து, “இது குடிக்கறதுக்கா, பெயின்ட் அடிக்கறதுக்கா?” என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

எடிட்டருக்குப் பிடிக்கவில்லை. போன் செய்தார்.

“நோயாளி எதுக்குங்க? படிக்கறவனுக்கு வாங்கற ஆசையே போயிடும். விளம்பரம் குடுக்கறது ஜூஸர் கம்பெனி. ஜூஸர்தான் ஜெயிக்கணும்.”

“அந்தப் பொண்ணுக்கு ஜூஸ் ஒத்துக்காதே.”

“அப்ப அந்தப் பொண்ணை எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன். மூன்று பத்திகள். விரல் ஒன்றும் வலிக்கவில்லை.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: ஜூஸர், சாற்றை முன்னால் விட்டுவிட்டுச் சக்கையைப் பின்னால் ஒரு டப்பாவில் தள்ளும். பிளெண்டர் எதையும் தள்ளாது. போட்டதெல்லாம் ஜாடிக்குள்ளேயே கிடக்கும். வாங்க வருகிறவர்கள் சாறு எவ்வளவு வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். சக்கை டப்பாவை யாரும் திறப்பதில்லை.]

3

கடையில் விற்பனையாளர் இரண்டு இயந்திரங்களையும் மேஜைமேல் வைத்திருக்கிறார். எதையும் காட்டுவதற்கு முன் அவர் ஒன்று கேட்பார். ஜாடியின் அளவு, மோட்டாரின் சக்தி எல்லாம் அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

“வீட்ல எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்” என்றான் கணவன்.

“மூணு” என்றாள் அக்கா.

அந்த ‘மூணு’வை நான் எழுதவில்லை என்றால் எழுத்தாளன் பீலா விடுகிறான் என்பீர்கள். பழைய பிரதியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். அதை அழித்துவிட்டு, ‘ரெண்டு’ என்று அவள் வாயில் போட்டேன். (தங்கையே இல்லாதபோது இவள் யாருக்கு அக்கா? எல்லா இடத்திலும் ‘மனைவி’ என்று மாற்றினேன். மறுநாள் திறந்தால் மறுபடியும் அக்கா.)

விற்பனையாளர் கேரட்டை நறுக்கி ஜூஸரில் போட்டார். காகிதக் கோப்பைகளில் சாற்றை ஊற்றினார். மூன்று கோப்பைகள்.

“ஒண்ணு அதிகமா இருக்கே” என்றான் கணவன்.

“மேடம்தானே மூணுன்னாங்க.”

கணவன் திரும்பினான். “யாரு மூணாவது?”

“தெரியலைங்க” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஆனா இது வேணாம். தண்ணியா இருந்தா அவளுக்குப் புரையேறும்.”

4

(நீக்கப்பட்டது.)

5

முடிவு அ. ஜூஸர் வாங்கினார்கள். தெளிந்த சாறு, பளபளக்கும் தோல், புன்னகை. எடிட்டருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“இதுதாங்க வேணும். ஆமா, யாரு அது இருமறது?”

“எங்கே?”

“உங்க பக்கம்தான். பாவம், புரையேறிடுச்சு போல. போய் முதுகைத் தட்டிவிடுங்க, அப்புறம் பேசலாம்.”

நான் தனியாக வசிக்கிறேன்.

சமையலறைக்குப் போனேன். கட்டுரைக்காகக் கம்பெனி அனுப்பிய ஜூஸர் மேடையில் இருந்தது. காலையில்தான் கேரட் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். கழுவச் சோம்பல். இப்போது சக்கை டப்பாவைத் திறந்தேன். அழுந்திக் கிடந்த சக்கையின் நடுவே ஒரு குழி. பக்கத்தில் கரண்டி. யாரோ தோண்டித் தின்றிருக்கிறார்கள்.

பயம்தான் முதலில் வந்தது, மறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவளுக்குப் பசி. பழம் மசித்துக் கொடுக்கிற ஆளிடமிருந்து அவளைப் பிரித்தது நான். விழுங்க முடியாதவள் சக்கையைத் தின்று பார்த்திருக்கிறாள்.

முடிவு ஆ. பிளெண்டர் வாங்கினார்கள். அக்கா வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் கெட்டியாக அடித்து, டம்ளரும் கரண்டியுமாகத் தங்கையின் அறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே

(இங்கே நின்றுவிட்டேன். அழித்த பத்திகளை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். கிண்டல் வருகிறது, குரல் வருகிறது. முகம் வரவில்லை. கட்டில்மேல் முகமில்லாமல் ஒருத்தியை உட்காரவைத்து அக்காவை உள்ளே அனுப்ப எனக்குத் துணிவில்லை.)

6

முடிவை உங்களிடம் தருகிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவளை அழித்த கை என்னுடையது; அது கூப்பிட்டு அவள் வருவாளா என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. படிக்கும்போது ஏதோ ஒரு முகத்தை அவளுக்கு வைத்துத்தானே பார்த்திருப்பீர்கள்?

கடையில் இன்னும் பில் போடவில்லை. ஜூஸர் ஒரு பக்கம், பிளெண்டர் ஒரு பக்கம். அக்கா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.

“வீட்ல எத்தனை பேர்?” என்கிறார் விற்பனையாளர்.

யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் முடிக்க இருந்தேன். வேண்டாம், உடனே சொல்லுங்கள். இன்று காலையிலிருந்து எனக்கும் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றுவிட்டது.